அண்ணை, உங்கள் படகை நோர்வேக்கு இழுத்துப் போகிறேன்

என்னை நீந்தப் பழக்கிய என் அண்ணைக்கு,

உங்கள் படகு இப்போது ஹனோவரில், எங்கள் வீட்டு வாசலில், ட்ரெயிலரில் ஏற்றியபடி நிற்கிறது. வருகிற சனிக்கிழமை காலை அதைக் காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு நோர்வேக்குப் புறப்படுகிறேன். டென்மார்க் வரை தரைவழி, அங்கிருந்து கப்பல், பிறகு மலைப்பாதை. உங்கள் பழைய கூட்டாளி துரைசிங்கம் அண்ணை இருக்கிற ஊரில் நாலு கிழமை. நீங்கள் வருடா வருடம் என்னிடம் கேட்ட அதே நாலு கிழமை.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோது வராதவன் இப்போது ஏன் புறப்படுகிறான் என்று கேட்பீர்கள். இல்லை, கேட்கமாட்டீர்கள். நீங்கள் யாரையும் அப்படிக் குடைந்து கேட்கிற ஆள் இல்லை. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

படகை எடுக்கப் போன மாதம் பேர்லினுக்கு வந்தேன். நொய்கெல்னில் உங்கள் அறையில் வேறொருவர் குடியிருக்கிறார். நீங்கள் சமைத்த உணவகத்தின் கண்ணாடியில் உங்கள் அஞ்சலிப் படம் இன்னும் ஒட்டியிருந்தது. வெயிலில் உங்கள் சேட்டின் நிறம் மங்கிப்போய்விட்டது. உள்ளே போய் ஒரு தேத்தண்ணி குடிப்போமா என்று நினைத்தேன். போகவில்லை.

நகரத்துக்கு வெளியே, ஏரிக்கரையில் படகை நிறுத்தியிருந்த இடத்தின் சொந்தக்காரர் கிளவுஸ் என்னை வாசலிலேயே அடையாளம் கண்டுகொண்டார். "நடை அதே நடை" என்றார். உங்களை அவர் 'கப்டன்' என்றுதான் சொல்கிறார். நீங்கள் படகோட்டும் பரீட்சை எழுதினீர்களாமே, அண்ணை? ஜெர்மன் மொழியில், இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை. கயிற்று முடிச்சுப் போடச் சொன்னபோது நீங்கள் போட்ட வேகத்தில் பரீட்சகருக்கு ஒன்றும் தெரியாமல், "இன்னொருக்கா, மெதுவாக" என்று கேட்டாராம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிக் கிளவுஸ் சிரித்தார்.

எனக்கு நீங்கள் அதைச் சொல்லவேயில்லை. கேட்கிற காது என்னிடம் இல்லை என்று தெரிந்திருக்கும்.

ட்ரெயிலர் நாலு வருடமாக ஓடாமல் ஒரே இடத்தில் நின்றது. இரண்டு ரயரும் பக்கவாட்டில் வெடித்துப் போயிருந்தன. சில்லைச் சுற்றிவிட்டால் உள்ளே மணல் அரைப்பதுபோல ஒரு சத்தம். கிளவுஸ்தான் கழற்றி, பேரிங் இரண்டையும் புதிதாகப் போட்டு, கிறீஸ் பூசித் தந்தார். ட்ரெயிலருக்கு வாகனப் பரிசோதனையும் காலாவதி. அதற்கு ரெர்மின் என்று முன்கூட்டியே ஒரு நாள் எடுத்து, ஒரு கிழமை கழித்துத் திரும்பவும் போனேன். அந்தக் கிழமை முழுக்க, இந்த வேலையெல்லாம் நீங்கள் இருக்கும்போது ஒரு சனிக்கிழமையில் முடிந்திருக்குமே என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு என் லைசன்ஸ்தான் தேவைப்பட்டது. நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எடுத்த பழைய லைசன்ஸ். அதில் எவ்வளவு பாரமான ட்ரெயிலரும் இழுக்கலாம். நீங்கள் சட்டம் மாறிய பிறகு எடுத்தீர்கள். படகு சின்னதுதான், ஆனால் கனத்த பழைய படகு. உங்கள் சின்னக் காருக்கும் உங்கள் லைசன்சுக்கும் அது சரிவராது. அதனால் ஒவ்வொரு வைகாசியிலும் போன் எடுத்து, "தம்பி, இந்த முறை போவமோ?" என்று கேட்பீர்கள்.

"இந்த முறை ஏலாது அண்ணை, வேலையில உர்லௌப், லீவு தரமாட்டாங்கள்" என்பேன். அடுத்த வருடம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாறுகிறது என்பேன். அதற்கடுத்த வருடம் முதுகு. "சரி, அவசரமில்லை. கடல் எங்க போகப்போகுது" என்று சிரித்துவிட்டு வைப்பீர்கள்.

பேர்லின் ஏரியில் ஓட்டலாமே, ஏன் நோர்வே என்று ஒருமுறை கேட்டேன். "ஏரித் தண்ணி சப்பு, தம்பி. முகத்தில தெறிச்சா உறைக்கவேணும்" என்றீர்கள்.

உர்லௌப்பும் பள்ளிக்கூடமும் முதுகும் பொய் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். வாசலில் ஒரு படகு வந்து நின்றால், 'இவர்களுக்கு ஏன் படகு' என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி போய்ப்போய் மயிலிட்டியில் முட்டும்.

வாசிக்கிறவர்களுக்காக இதை ஒருமுறை நேராகச் சொல்லிவிடுகிறேன், அண்ணை. நாங்கள் கடற்கரை ஊரான மயிலிட்டியில் பிறந்தவர்கள். எங்கள் அப்பா கடற்றொழிலாளி. நீங்கள் பதின்மூன்று வயதில் அவரோடு வள்ளத்தில் ஏறினீர்கள். நான் படிக்கவேண்டும் என்பதற்காக ஏறினீர்கள். எனக்குச் சுகந்தியைக் கல்யாணம் பேசியபோது, நிலபுலனும் சாதிப் பெருமையும் உள்ள அவள் குடும்பத்துக்கு நான் வேறு கதை சொன்னேன். ஊர் தெல்லிப்பழை என்றேன். அப்பா சீமெந்து ஆலையில் கிளாக்கர் என்றேன்.

பொய் பிடிபடாததற்குக் காரணம் என் கெட்டித்தனம் இல்லை. சண்டையில் ஊரே இடம்பெயர்ந்து, கரை முழுவதும் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிருந்தது. விசாரிக்கப் போகிறவனுக்கு முள்ளுக்கம்பிதான் பதில். அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்னமே இறந்துபோய்விட்டார்கள். இங்கே ஜெர்மனியில் உண்மையைத் தெரிந்த ஒரே வாய் உங்களுடையது. அதையும் நான் போனில் கேட்டு மூடவைத்தேன். "உனக்கு நல்லது நடக்குமெண்டால் நான் ஏன் வாயைத் திறக்கிறன்" என்றீர்கள். கல்யாண மண்டபத்தில் எனக்கு அப்பா இடத்தில் நிற்கவேண்டியவர், பின்வரிசையில் போய் இருந்தீர்கள். யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்கள் என்று.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது. தெரிந்ததையே ஏன் திரும்பச் சொல்கிறேன்? அடுத்ததைச் சொல்லத் தைரியம் வரவேண்டும் என்பதால்தான்.

மகள் கீர்த்தனாவின் ஐந்தாவது பிறந்தநாள். நீங்கள் பேர்லினில் இருந்து ரயிலில் வந்திருந்தீர்கள், இரண்டு கையிலும் பை. சுகந்தி விளைமீன் குழம்பு வைத்திருந்தாள். சுகந்தியின் அப்பா, என் மாமா, மேசையின் தலைப்பக்கம், நான் அவருக்குப் பக்கத்தில், நீங்கள் எதிரில். மாமா குழம்பை ருசித்துவிட்டு நல்ல உற்சாகத்தில் சொன்னார்: "மீனை ஒரு பந்தியில வைச்சுச் சாப்பிடலாம். மீன்காரனை வைச்சுச் சாப்பிடேலாது, என்ன தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சும்மா உதட்டால் இல்லை, அண்ணை. சத்தமாகச் சிரித்தேன். சிரிக்காவிட்டால் பிடிபட்டுவிடுவேன் என்று என் தொண்டை தானாகவே சிரித்தது. உங்கள் கையில் ஒரு மீன் துண்டு இருந்தது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்து, "ஓம் மாமா. முள்ளுக் கவனம்" என்றீர்கள். அவ்வளவுதான். அவருடைய தட்டில் இருந்த பெரிய முள்ளை எடுத்து ஓரத்தில் வேறு வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் நீங்கள் எங்கள் வீட்டில் ஒரு பிடி சோறு சாப்பிடவில்லை. வருவீர்கள், பிள்ளைக்குச் சாமான் தருவீர்கள், வெறுந்தேத்தண்ணி குடிப்பீர்கள். "வயிறு சரியில்லை பிள்ளை, சமையற்காரனுக்கு வயித்து வருத்தம்தான்" என்று சுகந்தியிடம் பகிடி விடுவீர்கள். அடுத்த வருடம் இந்தப் படகை வாங்கினீர்கள். என்மேல் உள்ள கோபத்தில் வாங்கினீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். உங்கள் ஆசைக்கு வாங்கியிருப்பீர்கள் என்று எனக்கு ஏன் தோன்றவேயில்லை?

தை மாதம் உணவகத்தில் இருந்து போன் வந்தது. சமையலறையில் விழுந்துவிட்டீர்கள், மூளையில் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது கையைப் பிடித்தால் பிடி திரும்பி வரவில்லை. இரண்டு நாள். பேசுவதற்கு எனக்கு இரண்டு நாள் இருந்தது. அப்போதுகூட, கட்டிலின் அந்தப்பக்கம் சுகந்தி நின்றதால், நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டிருக்குமோ இல்லையோ தெரியாது. நான் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

மரண அறிவித்தலை நானே எழுதினேன். 'யாழ். தெல்லிப்பழையைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனி பேர்லினை வதிவிடமாகவும் கொண்ட' என்று எழுதிக் கொடுத்தேன். பழகிப்போன பொய்.

செத்த வீட்டுக்குத் துரைசிங்கம் அண்ணை நோர்வேயில் இருந்து பறந்து வந்தார். மயிலிட்டியில் உங்களோடு ஒரே வள்ளத்தில் போன மனிதர், இப்போது அங்கே மீன் ஆலையில் வேலை. மண்டப வாசலில் நின்று அறிவித்தலை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, இது ஆற்ற அறிவித்தல்?"

"அண்ணைன்ர."

"இந்த ஊர்க்காரனை எனக்குத் தெரியாதே" என்றார்.

நான் தலையைக் குனிந்தேன். அவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, என் தோளில் கை போட்டார். "நோர்வேக்கு வாறன் வாறன் எண்டு உன்ர கொண்ணை ஏன் நிண்டவன் தெரியுமோ? மீன் பிடிக்க இல்லையடா. உன்னை ஒரு மாசம் அங்க கொண்டுவந்து வைச்சிருக்க. அங்க எல்லாம் எங்கட சனம், தம்பி ஒருத்தருக்கும் ஒளிக்கத் தேவையில்லை, அவன் கொஞ்சம் மூச்சுவிடட்டும் எண்டு சொன்னவன்."

அண்ணை, நான் அன்றைக்கு அழுததை எல்லோரும் வேறு காரணம் என்று நினைத்தார்கள்.

அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதி மடித்து வைக்காமல், அந்த அறிவித்தல் வந்த பத்திரிகைக்கே அனுப்புகிறேன். பொய் எங்கே அச்சானதோ அங்கேயே உண்மையும் அச்சாகட்டும். மாமாவின் பெயரை மட்டும் எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியத்தான் போகிறது. அதற்கு நான் என்ன செய்ய?

படகோடு ஹனோவருக்கு வந்து சேர்ந்த அன்று பின்னேரம், சுகந்தி வாசலுக்கு வந்து படகைச் சுற்றிப் பார்த்தாள். "இதை விக்கிறதுக்கோ கொண்டுவந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"இல்லை. நோர்வேக்குக் கொண்டு போறன்."

"உங்களுக்கென்ன படகு ஓட்டத் தெரியுமே?"

அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அங்கேயே, தெருவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊர், அப்பா, வள்ளம், சீமெந்து ஆலை. மாமா சொன்ன பகிடியையும் சொன்னேன். நான் சிரித்ததையும் சொன்னேன்.

அவள் முதலில் கேட்டது சாதியைப் பற்றி இல்லை.

"அப்ப அண்ணை அதுக்குத்தானே எங்கட வீட்டில சாப்பிடாமல் விட்டவர்?"

"ஓம்."

"ஆறு வருசமா என்ர சமையல் அவருக்குப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். உணவகத்தில சமைக்கிற மனுசன், என்ர கையால சாப்பிட மனமில்லை எண்டு. மனசுக்குள்ள அவரைப் பேசியும் இருக்கிறன்." குரல் உடைந்தது. "அப்பா சாதி பார்த்தவர். நான் பார்த்தனானோ? நான் உங்களை என்ன ஊர் எண்டு ஒரு நாள் கேட்டனானோ?"

"நீர் கேட்கேல்லை."

"கேளாத என்னட்டையும் ஏன் பொய் சொன்னீங்கள்?"

அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சமைத்து வைப்பாள், உடுப்பு மடித்து வைப்பாள், பேச்சு இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கீர்த்தனா வாசல் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள் போல. இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தாள். "அப்ப பெரியப்பாக்கு நல்லா நீந்தத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும். எனக்கும் தெரியும். பெரியப்பாதான் பழக்கினவர்."

"பொய். என்னை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனா நீங்கள் காருக்குள்ளயே இருக்கிறனீங்கள். தண்ணி பயம் எண்டு சொன்னீங்கள்."

ஓம் அண்ணை, அதையும் மறைத்திருந்தேன். கிளாக்கரின் மகனுக்கு எப்படி இவ்வளவு நீச்சல் என்று யாராவது கேட்டுவிடுவார்களாம். ஊரை மறைக்கத் தொடங்கி, கடைசியில் கையையும் காலையும்கூட மறைத்துவிட்டேன். பிள்ளைக்கு அதை விளங்கப்படுத்த எனக்கு ஜெர்மன் மொழியிலும் சொல் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். வாசலில் நின்று படகின் அடியைக் கைத்தடியால் தட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, தோணி நிக்குது. ஆற்ற?"

"அண்ணைன்ர, மாமா."

"பாவம், அந்தாளுக்கு இதென்ன விசர் ஆசை. அடுப்படியில நிண்ட மனுசனுக்குத் தோணி என்னத்துக்கு?"

உள்ளே வந்து உட்கார்ந்தார். சுகந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவடியில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். 'சொல்' என்றும் இல்லை, 'சொல்லாதே' என்றும் இல்லை. சும்மா பார்த்தாள்.

"மாமா, அண்ணைக்கு அது விசர் ஆசை இல்லை. பதின்மூண்டு வயசில அப்பாவோட கடலுக்குப் போனவர். எங்கட அப்பா கடற்றொழில். நாங்கள் தெல்லிப்பழை இல்லை, மயிலிட்டி. சீமெந்து ஆலை எண்டு நான் சொன்னது பொய்."

மாமா கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார். கோபப்படுவார், எழும்பிக் கத்துவார் என்று காத்திருந்தேன். அவருடைய முகம் திடீரென்று வயது கூடினதுபோல ஆனதைத்தான் கண்டேன். எனக்கு வயிற்றில் ஒப்பரேசன் நடந்தபோது மூன்று கிழமை கீர்த்தனாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன மனிதர் அவர். பனியில், அந்தக் கைத்தடியோடு. அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு லேசாக இருக்கும். முடியவில்லை.

"இதை ஏன் இப்ப சொல்லுறீர்?" என்று கேட்டார். "நான் போனாப் பிறகு சொல்லியிருக்கலாமே."

"அண்ணை போனாப் பிறகு சொல்லுறதே பிந்திப்போச்சு, மாமா."

கோப்பையை மேசையில் வைத்தார். தேத்தண்ணி அப்படியே இருந்தது. "சுகந்தி, என்ர கோட்டை எடு பிள்ளை" என்றார். அவள் எடுத்துக் கொடுத்து, காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். போகும்போது அவர் படகைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அவர் வரவில்லை. சுகந்தி ஒவ்வொரு நாளும் அவரோடு போனில் பேசுகிறாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள். அவருக்கு இரத்த அழுத்தம். ஏதாவது ஆகிவிட்டால் அதுவும் என் தலையில்தான். உண்மையைச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்கிறார்கள். யார் சொன்னது, அண்ணை? எனக்கு முன்னரைவிடப் பாரமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் வேலை நடந்தது. கப்பலுக்கு இடம் பதிந்தேன். காரும் ட்ரெயிலரும் சேர்த்து எத்தனை மீற்றர் என்று கேட்டார்கள், முற்றத்தில் கயிறு பிடித்து அளந்து சொன்னேன். படகை இறுக்கிக் கட்டுகிற பட்டிகள் புதிதாக வாங்கினேன். மோட்டரைக் கழற்றிக் காருக்குள் வைத்தேன். உங்கள் தூண்டில்கள், மழைக்கோட்டு, முழங்கால் வரை வருகிற றப்பர் சப்பாத்து எல்லாம் படகுக்குள் இருக்கின்றன. சப்பாத்தைப் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு அளவு பெரிது. இரண்டு சோடி காலுறை போட்டால் சரிவரும்.

பின்னுக்கு எடுக்கத்தான் இன்னும் சரியாக வரவில்லை. காரை இடப்பக்கம் திருப்பினால் ட்ரெயிலர் வலப்பக்கம் போகிறது. ஒரு பல்பொருள் அங்காடியின் வெறும் வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு ஞாயிறு பழகினேன். கப்பலுக்குள் ஏற்றும்போது பின்னால் நூறு கார் நிற்குமே என்று நினைத்தாலே உள்ளங்கை வேர்க்கிறது.

முந்தநாள் பின்னேரம் பின்விளக்குகளைச் சோதித்தேன். ஒருவர் காருக்குள் இருந்து மிதிக்க, ஒருவர் பின்னால் நின்று பார்க்கவேண்டிய வேலை அது. கேட்க ஆள் இல்லை. விளக்குமாற்றுத் தடியைப் பிரேக்குக்கும் இருக்கைக்கும் நடுவில் முட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். தடி சறுக்கி விழும். மழை தூறிக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை தடியை முட்டுக்கொடுத்து நிமிர்ந்தபோது, பின்பக்கத்தில் இருந்து குரல் கேட்டது.

"வலப்பக்கம் எரியேல்லை."

சுகந்தி. குடை இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு ட்ரெயிலருக்குப் பின்னால் நின்றாள். நான் காருக்குள் ஏறினேன்.

"பிரேக்" என்றேன்.

"இடம் எரியுது. வலம் இல்லை."

வயரை இழுத்துச் சரிசெய்து திரும்ப ஏறினேன். "இப்ப?"

"எரியுது. சிக்னல் போடுங்கோ. இடம்... சரி. வலம்... சரி. பின்னுக்கு எடுக்கிற லைற்... அதும் சரி."

இறங்கி வந்தேன். அவளுடைய தலைமயிரில் மழைத்துளி. பல நாளுக்குப் பிறகு நேருக்கு நேர் நின்றோம்.

"நான் வரேல்லை" என்றாள். "என்ர கோபம் இன்னும் அப்பிடியேதான் கிடக்கு. அப்பாவையும் இப்ப தனிய விடேலாது."

"ஓம்."

"ஆனா ஒண்டு. தையில அண்ணைன்ர திவசம் இந்த வீட்டிலதான். மரக்கறிப் படையல் இல்லை. அவருக்கு விருப்பமான மீன் என்னெண்டு துரைசிங்கம் அண்ணையிட்டக் கேட்டுக்கொண்டு வாங்கோ. நான் சமைச்சுப் படைப்பன். அப்பா வந்தாலும் சரி, வராட்டாலும் சரி."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உங்களுக்கு விருப்பமான மீன் எது என்று எனக்குத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் தெரியாது. அப்பாவுக்குப் பிடித்தது தெரியும். எனக்குப் பிடித்ததை எனக்கு எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சியதைச் சாப்பிட்டவர் நீங்கள். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று நான் எப்போது பார்த்தேன்?

இந்தக் கடிதத்தை நேற்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரியை வெட்டச் சொன்னாள்; வெட்டிவிட்டேன். மிச்சத்தை அனுப்புங்கோ என்றாள்.

இன்று காலை அலுமாரியில் இருந்து பயணப் பையை எடுத்தபோது ஒரு யோசனை வந்தது. நான் உங்களுக்காகப் போகிறேனா, இல்லை இந்த வீட்டின் மௌனத்தில் இருந்து ஓடுகிறேனா? ஊரில் சமாதானம் முறிந்து திரும்பவும் சண்டை, இங்கே மாமாவுக்குச் சுகமில்லை, மனைவியின் கோபம் ஆறவில்லை, இந்த நேரத்தில் ஒருவன் மீன்பிடிக்கப் போவானா? துரைசிங்கம் அண்ணையிடம் போனில் இதைச் சொன்னேன். "வா, வந்து வள்ளத்தில இருந்து யோசி" என்றார். அவரோடு வாதாட முடியாது.

பயமாகத்தான் இருக்கிறது, அண்ணை. கடலுக்குப் பயம் இல்லை. அந்தத் துறைமுகத்தில் எங்கட சனம் கனபேர் வேலை செய்கிறார்களாம். புதிதாக ஒரு முகத்தைக் கண்டால் எங்கள் ஆட்களின் முதல் கேள்வி, "தம்பி எவடம்?" என்பதுதானே. பன்னிரண்டு வருடமாக அந்தக் கேள்விக்கு என் வாய் தானாகச் சொன்ன பதில் ஒன்று உண்டு. இன்னும் அது நாக்கு நுனியில் இருக்கிறது. ஆனாலும் இந்த வாக்கை உங்களுக்குத் தருகிறேன்: மயிலிட்டி என்று சொல்வேன். ஆற்ற மகன் என்றால் அப்பாவின் பெயரைச் சொல்வேன். ஆற்ற தம்பி என்றால், முன்னால் எவர் இருந்தாலும் குரலைத் தாழ்த்தாமல், உங்கள் பெயரைச் சொல்வேன். திரும்பி வந்து ஹனோவரிலும் சொல்வேன்.

மயிலிட்டிக் கடற்றொழிலாளி சின்னத்தம்பியின் கடைசி மகன்,
உங்கள் தம்பி
இரவி